கர்துங் லா ஓடப் போகிறீர்களா? லேக்குப் பத்து நாள் முன்பே போய்விடுங்கள்

"நான் நல்ல ஃபிட் டாக்டர், எனக்கு ஆல்டிட்யூட் எல்லாம் ஒன்றும் செய்யாது." ஒரு நுரையீரல் மருத்துவராக இந்த வாக்கியத்தை இனிமேல் கேட்கவே கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் லடாக்கில் கர்துங் லா ஓட்டம் நடக்கும் ஒவ்வொரு செப்டம்பரும் யாராவது சொல்கிறார்கள். சொன்னவர்களில் ஒருவர் போன வாரம் லே மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

ஃபுல் மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர். சென்னையிலிருந்து கிளம்பி டெல்லி வழியாகக் காலையில் லே போய் இறங்கியிருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் 'சும்மா கை கால் உதற' 10 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். மதியம் தலைவலி, ஒரு வலி மாத்திரை. இரவு வறட்டு இருமல், அறை நண்பர் கொடுத்த இருமல் சிரப். மூன்றாம் நாள் இரவு படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 58 சதவீதம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் நடுவில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நல்ல டாக்டர்கள் கையில் சிக்கினார், பிழைத்தார்.

அந்த ஓட்டத்தின் மீது யாருக்கும் ஆசை வரும் என்பது எனக்குத் தெரியும், நானும் அதை ஓடியவன்தான். 2012-இல் தொடங்கிய லடாக் மாரத்தானின் ஒரு பகுதி இந்தக் கர்துங் லா சேலஞ்ச். 72 கிலோமீட்டர். கர்துங் கிராமத்தில் நடு இரவு தாண்டி, நெற்றி விளக்கோடு கிளம்புகிறோம். மேலே நிமிர்ந்து பார்த்தால் முன்னால் போகிறவர்களின் விளக்குகள் வளைவு வளைவாக ஏறிக்கொண்டே போகும், அதற்கு மேல் நட்சத்திரங்கள், எது விளக்கு எது நட்சத்திரம் என்றே பிரிக்க முடியாது. முதுகுப் பையின் தண்ணீர்க் குழாய் உறைந்துபோய், கடித்தால் உள்ளே ஐஸ் நொறுங்கும். வழியில் நார்த் புல்லு என்ற இடம் தாண்டியபின் மெல்ல வெயில் விழும்போது கன்னத்தில் முதல் சூடு படுமே, அதை இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. 5,350 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாயில் பிரார்த்தனைக் கொடிகளுக்கு நடுவே நான் அழுதேன். அப்புறம் லே வரைக்கும் இறக்கம், தொடை இரண்டும் கதறும். ஊருக்குள் நுழையும்போது குழந்தைகள் "ஜூலே, ஜூலே" என்று லடாக்கி மொழியில் வணக்கம் சொல்லிக் கையை நீட்டுவார்கள். என் வாழ்க்கையின் மிக நல்ல நாள்களில் அது ஒன்று. அதனால் போகாதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஃபிட்னஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இதயமும் தொடையும் எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு, உயரத்துக்கு உங்கள் நுரையீரல் இரத்தக் குழாய்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு. இரண்டாவதைப் பயிற்சியால் மாற்ற முடியாது. அது பெரும்பாலும் உடல்வாகு, மீதி எவ்வளவு வேகமாக மேலே போகிறீர்கள் என்பது. 1962 சீனப் போருக்குப் பின் நம் ராணுவம் சமவெளியிலிருந்து இளம் வீரர்களை அவசரமாக மலைமேல் அனுப்பியது. அவர்களில் மலை நோய் கண்ட 1,925 பேரைப் பற்றி ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் 1969-இல் எழுதிய கட்டுரையை நுரையீரல் படிக்கும் எல்லோரும் இன்றும் வாசிக்கிறோம். 1,925 பேரும் சிப்பாய்கள்! அவர்களைவிடவா நாம் ஃபிட்? உண்மையில் ஃபிட்டான ஆளுக்கு ஆபத்து கூடலாம். கால் ஒத்துழைப்பதால் முதல் நாளே ஓடிவிடுகிறார், தலைவலியைத் 'தாங்கிக்கொள்கிறார்'.

மூச்சை அடைக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு பெசன்ட் நகரில் ஓடுகிறவர்களே, அது மூச்சுத் தசைகளுக்கு வேலை கொடுக்கும், அவ்வளவுதான். மாஸ்க்குக்குள் காற்றழுத்தம் குறைவதில்லை. லேயில் காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், கணவாயில் ஏறக்குறைய பாதி. கொடைக்கானலில் ஒரு மாதம் ஓடினாலும் ஏற்றத்துக்குக் கால் பழகும், லேயின் உயரத்துக்கு உடம்பு முழுதாகப் பழகாது. கொடைக்கானல் 2,100 மீட்டர், லே 3,500.

சரி, என்ன செய்வது? பத்து நாள் முன்பே லே போய்விடுங்கள். லீவு கிடைக்காது என்றால் இந்த ஓட்டம் இந்த வருடம் வேண்டாம். முதல் இரண்டு நாள் படுத்திருங்கள், கடைத்தெருவுக்குக்கூட மெதுவாக நடங்கள். மது குடிக்காதீர்கள், தூக்க மாத்திரை போடாதீர்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், லிட்டர் கணக்கில் குடித்தால் மலை நோய் வராது என்பது கதை. மலை நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், தயவுசெய்து. ஒருமுறை நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அவர்கள் என்னைப் போன்ற ஒருவரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

கூடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறை நண்பர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது சளி இல்லை, நுரையீரலில் நீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழறிப் பேசினால், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும், அவர் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று எவ்வளவு சண்டை போட்டாலும், ஆக்சிஜன் கொடுத்து அப்போதே கீழே இறக்குங்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவு கர்துங் கிராமத்தில் இப்படி ஆனால் லே பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லாதீர்கள். கிராமம் ஏறக்குறைய 4,000 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து லே போக 5,350 மீட்டர் கணவாயைத் தாண்டியாக வேண்டும், அந்த ஏற்றத்தை அவர் தாங்காமல் போகலாம். ஓட்டத்தின் மருத்துவக் குழுவை எழுப்புங்கள். இறக்கம் இருப்பது நுப்ரா பள்ளத்தாக்குப் பக்கம், 3,100 மீட்டரில் திஸ்கித் இருக்கிறது, அங்கே ஆஸ்பத்திரியும் இருக்கிறது.