ஷேர்வேர் என்னும் பகிர்மென்பொருள்: சொல் விளக்கம்

கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் விண்ரார் மென்பொருளை நிறுவிய கணினிகளில் ஒரு சின்னப் பெட்டி அடிக்கடி எழும்பும். நாற்பது நாள் முடிந்துவிட்டது, உரிமம் வாங்குங்கள் என்று கேட்கும். பெட்டியை மூடிவிட்டால் மென்பொருள் வழக்கம்போல் ஓடும். இதைப் பார்த்துப் பழகிப்போன பலர் விண்ராரை இலவச மென்பொருள் என்றே நினைக்கிறார்கள். அது இலவசம் இல்லை. அது ஷேர்வேர்.

மென்பொருளை எழுதியவர் அதன் முழு உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். ஆனால் யார் வேண்டுமானாலும் அதைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், கொஞ்ச காலம் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று அனுமதிக்கிறார். பிடித்துப்போய்த் தொடர்ந்து பயன்படுத்துபவர் பணம் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஷேர்வேர் என்று பெயர். இது மென்பொருளின் வகை அல்ல, அதை விற்கும் முறை. பெட்டியில் போட்டுக் கடையில் விற்ற உரைத்தொகுப்பியும் ஷேர்வேராக வந்த உரைத்தொகுப்பியும் செய்யும் வேலை ஒன்றாகவே இருக்கலாம்.

முறை முதலில் வந்தது, பெயர் பிறகுதான் வந்தது. 1982ல், அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஐபிஎம் ஊழியராக இருந்த ஜிம் நாஃப், தான் எழுதிய தரவுத்தள நிரலை நண்பர்களுக்குக் கொடுத்துவந்தார். அது கைமாறிக் கைமாறிப் பரவியது. திருத்திய பதிப்புகளை எல்லோருக்கும் அஞ்சலில் அனுப்ப ஆன செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு வைத்தார்: முகவரிப் பட்டியலில் இருக்க விரும்புகிறவர்கள் 10 டாலர் அனுப்புங்கள். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில், வழக்கறிஞராக இருந்து இதழாசிரியர் ஆன ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், பிசி-டாக் என்ற தொலைத்தொடர்பு நிரலை எழுதி ஏறக்குறைய இதே வேண்டுகோளுடன் வெளியிட்டார். இருவரையும் அறிமுகப்படுத்தியது ஒரு பயனர்தான். அதன் பிறகு இருவரும் பேசி, ஒருவர் நிரலில் மற்றவர் நிரலைப் பரிந்துரைக்க ஒப்புக்கொண்டார்கள். நாஃப் தன் நிரலுக்கு பிசி-ஃபைல் என்று பெயர் மாற்றி, ஃப்ளூகல்மனைப் போலவே 25 டாலர் கேட்கத் தொடங்கினார். நாஃப் என்றால் ஜெர்மன் மொழியில் பொத்தான். அதனால் தன்னை ஜிம் பட்டன் என்றும், நிறுவனத்தை பட்டன்வேர் என்றும் அழைத்துக்கொண்டார்.

இந்த முறைக்கு என்ன பெயர் வைப்பது? ஃப்ளூகல்மன் ஃப்ரீவேர் என்றார், ஆனால் அதை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டார். பிறர் பயன்படுத்த முடியாது. நாஃப் சொன்ன ‘பயனர் ஆதரிக்கும் மென்பொருள்’ வாயில் நுழையாத நீளம். 1983ல் மைக்ரோசாஃப்டை விட்டு வெளியேறிய பாப் வாலஸ், குயிக்சாஃப்ட் என்ற நிறுவனம் தொடங்கி பிசி-ரைட் என்ற சொற்செயலியை வெளியிட்டபோது ஷேர்வேர் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தொடக்கக்கால மைக்ரோசாஃப்டின் ஊழியர்களில் ஒருவர் அவர். 1984ல் சாஃப்டாக்-பிசி இதழில் பத்தி எழுதிய நெல்சன் ஃபோர்ட் நல்ல பெயர் ஒன்றுக்குப் போட்டி வைக்க, அதிகம் பேர் அனுப்பிய சொல் ஷேர்வேர். தான் அதை ஒரு பழைய இதழ்ப் பத்தியின் தலைப்பிலிருந்து எடுத்ததாகவும், அது பொதுச்சொல்தான் என்றும் வாலஸ் சொல்லிவிட்டார். யாரும் சொந்தம் கொண்டாடாததால்தான் அந்தச் சொல் நிலைத்தது. 1987ல் இப்படி மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு சங்கமே அமைந்தபோது அதன் பெயரிலும் ஷேர்வேர் இடம்பெற்றது.

வாலஸ் பகிர்தலுக்குப் பணமும் கொடுத்தார். பதிவு செய்த ஒருவர் தன் படியைப் பிறருக்குக் கொடுத்து, வாங்கியவரும் பதிவு செய்தால், கொடுத்தவருக்குத் தரகுத் தொகை போகும். அதாவது படியெடுத்துக் கொடுப்பதைத் திருட்டாகப் பார்க்காமல் விற்பனையாகப் பார்த்தார். கடையும் விளம்பரமும் இல்லாத தனி ஆளுக்கு, பயனர்களே விநியோகஸ்தர்கள். ஷேர்வேரில் உள்ள ‘ஷேர்’ குறிப்பது இதைத்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘வேர்’ என்ற பின்பாதிக்குப் பழைய ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கு என்று பொருள். நாம் ‘பொருள்’ என்று எடுத்தது சரியாகப் பொருந்துகிறது: வன்பொருள், மென்பொருள். சிக்கல் முன்பாதியில்தான். ‘ஷேர்’ என்றதும் பங்கு நினைவுக்கு வருவதால் சிலர் பங்கு மென்பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பங்கு என்பது ஒன்றின் ஒரு பாகம். பங்குச் சந்தையில் பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் ஒரு துளிக்கு உடைமையாளர். ஷேர்வேர் பயனருக்கு அப்படி எந்த உடைமையும் கிடைப்பதில்லை.

பகிர் என்ற சொல் பகு என்ற வேரோடு சேர்ந்தது. பகுதி, பகுப்பு, பகுத்தறிவு எல்லாம் அதே குடும்பம். அடிப்படைப் பொருள் பிரித்தல். ஆங்கில ‘ஷேர்’ சொல்லின் பழைய வடிவத்துக்கும் வெட்டுதல், பிரித்தல் என்றுதான் பொருள். இரண்டு மொழியிலும் சொல் ஒரே இடத்தில் தொடங்கியிருக்கிறது: ஒன்றைத் துண்டாக்கி ஆளுக்கொரு பகுதி கொடுப்பது. பிரித்துக் கொடுத்தால் கொடுத்தவரிடம் குறைய வேண்டும். மென்பொருளில் குறைவதில்லை, இருவரிடமும் முழுதாக இருக்கும். செய்தியைப் பகிர்ந்தேன், படத்தைப் பகிர்ந்தேன் என்று நாம் இன்று சொல்லும்போதும் குறைவில்லாத இந்தப் பொருள்தான் வருகிறது. ஆக, ‘பகிர்’ இந்த இடத்துக்கு ஏற்கெனவே பழகிய சொல்தான்.

பகிர்வு மென்பொருள் என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பகிர்மென்பொருள் என்பதே மேலாகத் தோன்றுகிறது. காரணம் இலக்கணம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. பகிர்ந்த, பகிர்கின்ற, பகிரும் மென்பொருள் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு வினைத்தொகையை விடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. சேர்த்து எழுத வேண்டும், நடுவில் ஒற்றும் மிகாது. ஒரு குறை உண்டு: கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள் என்று யாராவது புரிந்துகொள்ளலாம். அதைக் கோப்புப் பகிர்வுச் செயலி என்று தனியாகச் சொன்னால் குழப்பம் தீரும்.

இதைவிடப் பெரிய குழப்பம் இலவச மென்பொருள், கட்டற்ற மென்பொருள், பகிர்மென்பொருள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. இலவச மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால் நிரலைத் திறந்து பார்க்கவோ மாற்றவோ முடியாமல் இருக்கலாம். படங்களைப் பார்க்க உதவும் இர்ஃபான்வியூ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகத்தில் பயன்படுத்தினால் கட்டணம். கட்டற்ற மென்பொருளில் மூல நிரல் கிடைக்கும், மாற்றலாம், மாற்றியதை வெளியிடலாம், விற்கவும் செய்யலாம். ‘கட்டு’ அற்றது என்றுதான் பெயர், காசு அற்றது என்றல்ல. பகிர்மென்பொருளில் பகிர அனுமதி உண்டு, மாற்ற அனுமதி இல்லை, பயன்படுத்தும் அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. நம் ஊரில் இந்தக் குழப்பம் வேரூன்றியதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் இந்தியக் கணினி இதழ்களோடு வந்த சிடிக்களில் நூற்றுக்கணக்கான பகிர்மென்பொருள்கள் நிறைந்திருந்தன. இதழுக்குக் காசு கொடுத்தாயிற்று, சிடி இலவசம், அதிலுள்ளதும் இலவசம் என்று மனம் கணக்குப் போட்டது. பணம் கட்ட விரும்பியவருக்கும் வெளிநாட்டுக்கு டாலர் அனுப்புவது எளிதாக இல்லை.

அடுத்து உரிமை, உரிமம். இரண்டையும் மாற்றி எழுதினால் பொருளே புரண்டுவிடும். உரிமை எழுதியவரிடம் இருப்பது. உரிமம் அவர் உங்களுக்குத் தரும் அனுமதி. ஓட்டுநர் உரிமம் என்று சொல்கிறோமே, அந்த உரிமம்தான். இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்பார்கள். அனுமதி என்ற கருத்து அதில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பணம் கட்டினாலும் பகிர்மென்பொருள் உங்கள் சொத்தாகிவிடாது. எத்தனை கணினியில், யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதை உரிமம்தான் சொல்கிறது.

‘பதிவு செய்தல்’ என்ற வழக்கும் அந்தப் பழைய நாட்களின் மிச்சம். வாங்கு என்று சொல்லாமல் பதிவு செய் என்று ஏன் சொல்கிறார்கள்? பணம் அனுப்பியவரின் பெயரும் முகவரியும் ஆசிரியரின் பட்டியலில் ஏறும், புதிய பதிப்பு வந்தால் தகவல் வரும். நாஃப் கேட்டதும் அதுதானே. பின்னாளில் அந்தப் பட்டியலின் இடத்தைப் பதிவுச் சாவி பிடித்தது, அதாவது பணம் கட்டியவருக்கு ஆசிரியர் அனுப்பும் ரகசியக் குறியீடு. பதிவு செய்யச் சொல்லித் தொடர்ந்து பெட்டி காட்டும் மென்பொருளை நச்சரிப்பு மென்பொருள் எனலாம். கோப்புகளைக் கையாள உதவும் டோட்டல் கமாண்டரைத் திறக்கும்போது 1, 2, 3 என்ற பொத்தான்களில் சரியானதை அழுத்தச் சொல்லுமே, அது இந்த ரகம். முக்கியமான வசதிகளைப் பூட்டி வைத்தால் முடக்கிய பதிப்பு. 1993ல் வந்த டூம் விளையாட்டு வேறு வழியில் போனது. முதல் பாகத்தை முழுதாகக் கொடுத்துப் பகிரச் சொன்னார்கள். அடுத்த பாகங்களுக்கு மட்டும் பணம்.

சரி, சொல் புரிந்தாலும் சாவி வேலை செய்யாவிட்டால் என்ன பயன்? பணம் கட்டியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். பல மென்பொருள்களில் சாவி பயனரின் பெயரிலிருந்து கணக்கிடப்படுகிறது. வாங்கும்போது கொடுத்த பெயரை ஓர் எழுத்துக்கூட மாறாமல் தட்ட வேண்டும். மின்னஞ்சலில் இருந்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் சாவி தவறு என்று சொல்லும். பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால் இன்னொரு தொல்லை: யூனிகோடு அறியாத பழைய மென்பொருள் அதை வெறும் கேள்விக்குறிகளாகப் படிக்கும். அப்படியானால் ஆசிரியருக்கு எழுதி, ஆங்கில எழுத்தில் பெயர் போட்ட சாவி கேட்பதே வழி.

சாவியை ஏற்றுக்கொண்டு, மூடித் திறந்ததும் மறுபடி பதிவு செய்யச் சொன்னால் தவறு சாவியில் இல்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, மென்பொருள்கள் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிர்வாகி அனுமதி இல்லாமல் எழுத முடியாது. தன் உறைக்குள்ளேயே சாவியை எழுதப் பழகிய பழைய மென்பொருள் அதனால் தடுமாறுகிறது. அதை வேறோர் உறையில் நிறுவிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நிறுவிய அன்றே காலக்கெடு முடிந்தது என்று வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகை பேட்டரி தீர்ந்த கணினிகளில் தேதி எங்கேயோ போய் நிற்கும். தொண்ணூறுகளின் மென்பொருள் 64-பிட் விண்டோஸில் நிறுவவே மறுத்தால், அதைக் கணினியில் ஏற்றும் நிரலான நிறுவி 16-பிட்டாக இருக்கலாம், 64-பிட் விண்டோஸில் அது ஓடாது. மென்பொருள் 32-பிட்டாக இருந்தும் அதன் நிறுவி மட்டும் 16-பிட்டாக இருந்த காலம் அது.

‘அறியாத வெளியீட்டாளர்’ என்று விண்டோஸ் எச்சரிப்பதும் தனி ஆசிரியர்களுக்கு நீங்காத வேதனை. மென்பொருள் யாருடையது என்று விண்டோஸுக்குக் காட்டும் கையெழுத்துச் சான்றிதழுக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டும், எல்லோராலும் முடிவதில்லை. எச்சரிக்கை வந்ததாலேயே அது நச்சுநிரல் என்று முடிவு கட்ட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகவும் வேண்டாம். ஆசிரியரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று பாருங்கள். சாவி உடைக்கும் கருவிகளைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குத் தன் கணினியைத் திறந்துவிடுகிறார்கள், மென்பொருளை உழைத்து எழுதியவருக்கும் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. காசு கொடுக்க முடியாத நிலை எனக்குப் புரிகிறது. அதே வேலைக்கு 7-ஜிப் போன்ற கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது உடைத்த விண்ரார் எதற்கு?

உரிமத்தில் கவனித்துப் படிக்க வேண்டிய வரி மேம்படுத்தல் பற்றியது. முதல் பதிப்புக்கு வாங்கிய சாவி இரண்டாம் பதிப்புக்குச் செல்லுமா? டோட்டல் கமாண்டரில் பழைய சாவிகள் புதிய பதிப்புகளுக்கும் செல்லும். பல மென்பொருள்களில் பெரிய பதிப்பு மாறினால் மீண்டும் கட்டணம். வாழ்நாள் உரிமம் என்று போட்டிருந்தால் யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மென்பொருளின் வாழ்நாள்தான்.

தனி ஆள் எழுதிய மென்பொருளில் அந்த ஆள் ஓய்வு பெறலாம், காலமாகலாம், வேறு வேலைக்குப் போகலாம். இணையத்தில் ஆசிரியரின் வழங்கியை (செர்வரை) தொடர்புகொண்டு சாவியைச் சரிபார்க்கும் வகை என்றால், வழங்கி நின்றதும் பணம் கட்டியவரும் வெளியில்தான். அதனால் நிறுவியையும் சாவி வந்த மின்னஞ்சலையும் சேர்த்து ஒரு படி எடுத்து வையுங்கள். இணையம் இல்லாமலே பதிவாகும் மென்பொருளுக்கு அந்த இரண்டும் போதும்.

நல்லபடியாகக் கைமாறிய கதையும் உண்டு, அதில் தமிழுக்கும் பங்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் 1993ல் தொடங்கிய கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளின் மேல்தான் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கட்டப்பட்டன. இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய எத்தனையோ பேரின் விரல்களுக்கு அடியில் அந்தத் தனி ஆளின் உழைப்பு இருந்தது. 2015ல் கீமேனை மொழிகளுக்காகப் பணியாற்றும் எஸ்ஐஎல் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பிறகு அது கட்டற்ற மென்பொருளாக வெளியானது. இன்று அதை நிறுவச் சாவி தேவையில்லை, அதன் மூல நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்.