எண்ணூர் கரையில் ஒரு முழங்கால் உயரச் செங்குத்து

வடசென்னையில் மலை கிடையாது. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை போனாலும் ஏறி இறங்க மேம்பாலம்தான் உண்டு. இருந்தாலும், செங்குத்துப் பாறை எப்படி உருவாகிறது, எப்படி நிற்கிறது என்று பார்க்க இந்தக் கரை தோதான இடம். மலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் வேலையைக் கடல் இங்கே ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் காலையில், அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டாத இடமாகப் பார்த்துப் போங்கள். முந்தின நாள் சரிவாகக் கிடந்த மணல், மண்வெட்டியால் வெட்டி எடுத்தது போல முழங்கால் உயரத்துக்கு நேராக நிற்கும். காய்ந்த மணலைக் குவித்தால் ஏறத்தாழ 34 பாகைச் சரிவோடு சரி, அதற்கு மேல் போடுவதெல்லாம் வழிந்துவிடும். ஈர மணலில் துகள்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் துளி நீர், தன் பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால்தான் அது நேராக நிற்கிறது. வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் மேல்விளிம்பு பொலபொலவென உதிரும். அலை அடியைக் குடைந்தாலோ, விளிம்பு அந்தரத்தில் தொங்கி, பின்னால் ஒரு விரிசல் ஓடி, பாளமாகச் சரியும்.

விழுந்த மணல் அடியிலேயே கிடந்தால் சுவர் மெல்ல மெல்லச் சரிவாக மாறிவிடும். அலை அதை அள்ளிக்கொண்டு போனால் அடி திரும்பவும் குடையப்படும், புதிய சுவர் இன்னும் உள்ளே தள்ளி நிற்கும். மலைப்பக்கமும் இதே கதைதான். செங்குத்து நீடிக்க வேண்டுமென்றால், உடைந்து விழுவதை ஆறோ கடலோ அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடிவாரத்தில் கற்குவியல் ஏறி, பாறையின் கீழ்ப்பாதியை மூடிவிடும்.

பாறைக்கு ஈரப்பிடிப்பு தேவையில்லை, அதன் கனிமத் துகள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விரிசலே இல்லாத கருங்கல் என்றால், கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு மேலும் செங்குத்தாக நிற்கும். ஆனால் விரிசலே இல்லாத மலை எங்கே இருக்கிறது? சங்கப் பாடல்களில் விடர் என்று வருகிறதே, அந்த மலைப்பிளவுதான் ஒரு பாறை முகம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. விடர் மலைக்குள் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மேலே உள்ள பாளம் வழுக்கக் காத்திருக்கிறது என்று பொருள். மழைநீர் அதற்குள் நிறைந்தால் நீரழுத்தம் பாளத்தைத் தள்ளும், உராய்வும் குறையும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பாறை உருள்வது இதனால்தான்.

விடர் எப்படி இருக்கும் என்று பார்க்க நீலகிரி வரை போக வேண்டாம். காசிமேட்டிலிருந்து வடக்கே கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். சில கற்களில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக, துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் இருக்கும். அது காலங்காலமாகத் தண்ணீர் கசிந்த பழைய விடரின் முகம். இன்னொரு பக்கம் நீளவாக்கில் அரைக்குழாய் மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தால், அது குவாரியில் வெடி வைக்கத் துளை போட்ட தடம். சென்னை வட்டாரத்துக் கருங்கல்லில் சார்னோக்கைட் என்றொரு வகை உண்டு. பல்லாவரம் குன்றுகள் அந்தக் கல்தான். கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து, 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது.

கரையில் இந்தக் கற்களைக் கொட்டுவது, மலையடிவாரக் கற்குவியலை நாமே செய்து வைப்பதுதான். சரிவாக, இடுக்கு விட்டுக் கிடப்பதால் அலை உள்ளே புகுந்து நுரைத்து வலுவிழக்கிறது. நேர்ச்சுவர் கட்டினால் அலை மோதித் திரும்பி அடிமணலைத் தோண்டும். இந்தக் கற்களும் நாளடைவில் மணலில் புதைகின்றன. மேலே மேலே கொட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அரிப்புக்குக் காரணம் வேறு. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததில் மெரினா அகலமானது, வடக்கே வர வேண்டிய மணல் நின்றுபோனது. அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும் தத்தம் தென்பக்கத்தில் மணலைச் சேர்த்துக்கொள்கின்றன. கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு தொடர்கிறது.