இழுவைக் கப்பல்: சொல் விளக்கம்

துறைமுகத்தில் ‘டக்’ என்று வழங்கும் கலத்துக்குத் தமிழில் இழுவைக் கப்பல் என்று பெயர். குறுகலான நீர்வழியில் தானே திரும்ப இயலாத பெரிய கப்பலை வடம் கட்டி இழுத்தும், சில வேளை பக்கவாட்டில் முட்டித் தள்ளியும் கரை சேர்ப்பது அதன் வேலை.

ஆங்கிலத்தில் ‘டக்’ என்பது வலித்து இழுத்தலைக் குறிக்கும் வினைச்சொல். கட்டியிழுத்தலைக் குறிக்கும் ‘டோ’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே. 1803இல் ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிக் கலம் ஸ்காட்லாந்துக் கால்வாயில் இரண்டு சரக்குப் படகுகளை இழுத்துக் காட்டியது. 1817இல் அந்நாட்டு டம்பார்ட்டன் நகரில் கட்டிய ஒரு கலத்துக்கு ‘டக்’ என்றே பெயரிட்டார்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஓவியத்தின் நீண்ட தலைப்பிலும் ‘டக்’ என்னும் இவ்வினை வருகிறது. டிரஃபால்கர் கடற்போரில் போரிட்ட, 98 பீரங்கிகள் கொண்ட ‘டெமரேர்’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல், 1838 செப்டம்பரில் உடைப்பதற்காகத் தேம்ஸ் ஆற்றில் இழுத்துச் செல்லப்பட்டதை அது காட்டுகிறது. உண்மையில் இழுத்தவை இரண்டு கலங்கள். டர்னர் ஒன்றைத்தான் வரைந்தார், அதன் புகைபோக்கியைப் பாய்மரத்துக்கு முன்னால் நிறுத்தினார். 1845இல் வில்மோர் என்ற செதுக்கோவியர் அதை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சோவியமாக்கியபோது, கப்பல் கட்டும் முறைக்கு ஏற்பப் பாய்மரத்தை முன்னும் புகைபோக்கியைப் பின்னுமாக மாற்றினார். அச்சுப்படியைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிறு கலத்தைத்தான் என்பேன்.

‘இழுவைப் படகு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் ஓர் இடர் உண்டு: ஈழத்து மீனவரிடையே அச்சொல் கடலடியில் இழுவை மடி என்னும் வலையை இழுத்து மீன்பிடிக்கும் படகைக் குறிக்கும். அந்தப் படகைப் பற்றிய வழக்கும் வேதனையும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் நாள்தோறும் பேசப்படுவதால், ஒரே சொல்லை இரண்டுக்கும் வைப்பது குழப்பத்தையே தரும். ஆகவே ‘இழுவைக் கப்பல்’ என்பதையே கொள்ளலாம். பின்னே வருவதை ‘இழுபடு கப்பல்’ எனலாம். இடையிலுள்ள கயிற்றுக்குத் தேரிழுக்கும் நம் ‘வடம்’ போதும். வில்மோரின் அச்சோவியத்துக்கு அடியில் ஒரு வரி எழுதுவதானால், ‘இழுவைக் கப்பலின் பின்னே இழுபடும் பாய்மரப் போர்க்கப்பல்’ என்று எழுதலாம்.