ஆட்டுத்தோல் ஜாக்கெட்டுக்கு எண்ணெய் போடாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 25,000 அடி உயரத்தில் பறந்தன. அந்த உயரத்தில் சராசரி வெப்பநிலை மைனஸ் 34 டிகிரி செல்சியஸ். உள்ளே காற்றழுத்தக் கட்டுப்பாடு கிடையாது. பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பலர் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களுக்காக இருந்தது பி-3 என்ற செம்மறித்தோல் ஜாக்கெட். பிரிட்டிஷ் விமானிகளுக்கு இர்வின் ஜாக்கெட். அதை உருவாக்கிய லெஸ்லி இர்வின், பாராசூட் தயாரித்த அமெரிக்கர்.

இரண்டுமே ரோமத்தை நீக்காமல் பதனிட்ட தோல். ரோமம் உள்பக்கம் வரும்படி தைப்பார்கள். அதன் சுருள்களுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது; வெளியே உள்ள தோலின் வேலை, வீசும் காற்றை உள்ளே விடாமல் இருப்பது.

இன்று இந்தப் பழைய ஜாக்கெட்டுகளைச் சேகரிப்பவர்களுக்குத் தலைவலி ரோமம் அல்ல, தோல். செம்மறியின் தோலில் ரோம வேர்கள் நெருக்கமாக இருக்கும், மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே கொழுப்பும் நிறைய. பதனிடும்போது கொழுப்பு வெளியேற, அந்த இடம் வெற்றிடமாகிவிடும். அதனால் அதே காலத்து அமெரிக்க விமானிகள் அணிந்த, குதிரைத்தோலில் தைத்த ஏ-2 ஜாக்கெட்டோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம் கிழியும், அதிலும் தையல் ஓட்டைகள் வரிசையாக உள்ள அக்குள் பக்கம்.

எண்பது ஆண்டுகளில் தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகளும் ஆக்சிஜனாலும் அமிலத்தாலும் அறுபட்டிருக்கும். புதுத் தோல் நீரில் சுருங்கத் தொடங்க நல்ல சூடு வேண்டும். நைந்துபோன தோலுக்கு வெதுவெதுப்பான நீரே போதும்: சுருங்கிக் கொழகொழவென்றாகி, காய்ந்ததும் பலகைபோல் விறைத்துவிடும். எலும்பைக் கொதிக்க வைத்தால் ஜெலட்டின் வருகிறதே, அதே வேதியியல்தான். ஆகவே துவைக்கவே கூடாது, வெயிலிலும் போடக் கூடாது.

சரி, காய்ந்த தோலுக்கு எண்ணெய் தடவலாமா? பலரும் இதைத்தான் செய்கிறார்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. அறுந்த இழையை எண்ணெய் ஒட்டவைக்காது. நாளாக ஆக அது காற்றில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஜிப்பின் பித்தளையோடு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் பச்சை மெழுகு போன்ற படிவும் வரும்.

ரோமத்துக்கு எதிரி அந்துப்பூச்சியின் புழு. ரோமத்தின் புரதமான கெரட்டினைச் செரிக்கத் தெரிந்த அபூர்வப் பிராணி அது. அந்துருண்டை போட்டால் அந்த வாடை ரோமத்தை விட்டுப் போகவே போகாது. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைப்பது மேல். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் ஈரம் தோலில் படியும்.

அப்புறம், ஹேங்கரில் தொங்கவிட்டால் மொத்த எடையும் தோள்பட்டைத் தையலில் விழும். அமிலமில்லாத தாளைக் கைகளுக்குள் சுருட்டி வைத்து, பெட்டியில் மடிப்பில்லாமல் கிடத்துங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது.