பட்டிப்பூவும் வின்கிறிஸ்டினும்: வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியில் பட்டிப்பூ இல்லாத வளவு குறைவு. கிணற்றடி, வேலிக்கரை, கோயில் வீதி என்று ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். இந்தச் செடியின் இலையில் இருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. "அப்படியென்றால் இலையை அவித்துக் குடித்தால் போதும்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மருந்து நடக்கும் காலத்தில் அது ஆபத்தும்கூட.

1950களில் கனடாவில் றொபேர்ட் நோபிளும் சாள்ஸ் பியரும் ஜமேக்காவில் இருந்து வந்த இலையைச் சீனி வருத்தத்துக்கு மருந்தாகுமா என்று சோதித்தார்கள். ஆய்வுகூட எலிகளில் சீனி பெரிதாகக் குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளைக் கலங்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய், நிணநீர்க்கணுப் புற்றுநோய், சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி ஆகியவற்றில் வின்கிறிஸ்டின் முக்கியமான மருந்து.

ஒரு கலம் இரண்டாகும்போது டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழாய்களாகும். அவைதான் பரம்பரைத் தகவலைத் தாங்கும் நிறமூர்த்தங்களைப் (குரோமோசோம்களைப்) பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கின்றன. வின்கிறிஸ்டின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு அதை அடுக்கவிடாது. நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசை கட்டியபடியே நின்றுவிடும். பிரிய முடியாத கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். புற்றுக் கலங்கள் ஓயாமல் பிரிவதால் அடி கூடுதலாக அவற்றில் விழுகிறது. முடியின் வேரிலும் கலங்கள் வேகமாகப் பிரிவதால் முடி கொட்டுகிறது, பிறகு முளைக்கும்.

நரம்புக் கலம் பிரிவதில்லை. ஆனால் முள்ளந்தண்டில் இருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழைக்குள் சரக்குப் போய்வரும் பாதையும் இதே நுண்குழாய்தான். அதனால் பாதிப்பு மிக நீண்ட நரம்புகளில் முதலில் தெரியும். கால்விரல் விறைக்கும், செருப்புக் கழன்றாலும் தெரியாது, முன்பாதம் நிலத்தில் உரசும், பிள்ளைக்குச் சட்டைத் தெறி பூட்ட வராது. சிலருக்குத் தாடை நோகும். இவற்றை அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது ஒரு தடவை நிறுத்துவார். விறைத்த காலோடு வெறுங்காலில் வயலுக்கோ வளவுக்கோ இறங்கக் கூடாது. நெருஞ்சி முள் ஏறினாலும் தெரியாமல் புண்ணாகிவிடும். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைப் பாருங்கள்.

குடலின் நரம்புகளும் இப்படித்தான் தளரும். மலச்சிக்கலைச் சின்ன விசயம் என்று விடவே கூடாது. தரப்பட்ட மலமிளக்கியை ஒழுங்காகக் குடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் மலம் போகாமல் வயிறு உப்பி வாந்தியும் வந்தால் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

அளவு மிகவும் சிறியது. பெரியவருக்கு உடல் மேற்பரப்பில் சதுர மீற்றருக்கு 1.4 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இது நாளத்துக்குள் மட்டுமே போகவேண்டிய மருந்து. முதுகுத்தண்டில் போடப்பட்டால் உயிரைப் பறிக்கும். அதனால்தான் சிறிய சேலைன் பையில் கலந்து ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறும்போது கையில் எரிவோ வீக்கமோ வந்தால் அந்தக் கணமே தாதியிடம் சொல்லுங்கள். நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை கருகும். இந்த மருந்துக்கு ஐஸ் வைக்கக் கூடாது, இளஞ்சூட்டு ஒத்தடம்தான்.

இப்போது இலையை அவித்த குடிநீருக்கு வருவோம். ஒரு தொன் காய்ந்த இலையில் சில கிராம் வின்கிறிஸ்டினே கிடைக்கும். அதே இலையில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு அல்கலொயிட்டுகள் (உடலில் வேலைசெய்யும் செடி இரசாயனங்கள்) இருக்கின்றன. சில இரத்தச் சீனியை இறக்கும், சில அழுத்தத்தை இறக்கும். ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வாந்தியால் சாப்பிடாமல் கிடக்கும் நோயாளிக்குச் சீனி விழுந்தால் மயக்கம்தான். வின்கிறிஸ்டினை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அந்த வேலையைத் தடுக்கும் எதுவும் நரம்புப் பாதிப்பைக் கூட்டும். படர்தாமரைக்குப் பாமசியில் வாங்கும் இற்றாகொனசோல் குளிசையும் இப்படித்தான் செய்யும். எந்தக் குளிசை வாங்கினாலும் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

முல்லைத்தீவு, துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து புற்றுநோய் வைத்தியசாலை உள்ள தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்வருவது பெரும்பாடு என்பது தெரியும். அதற்காக ஒரு கிழமை ஊசியைத் தவறவிட்டுக் குடிநீரால் ஈடுகட்ட நினைக்காதீர்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே கிளினிக்குக்கு அழைத்துச் சொல்லுங்கள், வேறு நாள் தருவார்கள். 38 பாகை காய்ச்சல் என்றால் கிளினிக் நாள் பார்க்காமல் பக்கத்து வைத்தியசாலைக்குப் போய், கீமோ நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

ஏற்கனவே இலையை அவித்துக் குடித்திருந்தால், ஏச்சு விழும் என்று மறைக்க வேண்டாம். எத்தனை நாள், எவ்வளவு என்று சொன்னால், அடுத்த ஊசிக்கு முன் சீனியையும் ஈரலையும் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.