வேப்புக்குள்ள என்ன இருந்துச்சு?

நெஞ்சு படபடப்பு, வியர்வை, 'செத்துடுவேன் டாக்டர்' என்ற பயம். நள்ளிரவில் இப்படி அவசரப் பிரிவுக்கு வரும் கல்லூரி மாணவர்கள் பலருக்கு இ.சி.ஜி.யில் துடிப்பு வேகமாக இருப்பதைத் தவிர வேறு கோளாறு தெரியாது. சிகரெட் பழக்கம் உண்டா என்றால் இல்லை என்பார்கள். அது பொய்யல்ல. "வேப் அடிச்சியாப்பா? அதுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டால்தான் கூட வந்த நண்பன் தலையைக் குனிவான்.

வேப் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட். வேப் என்றாலே புகையிலையில் உள்ள நிகோடின்தான் என்று பெற்றோரும் கல்லூரிகளும் நினைக்கிறார்கள். மனநல மருத்துவராக நான் அஞ்சுவது, அதில் ஊற்றப்படும் மற்றவற்றுக்கு. முதலாவது கஞ்சா எண்ணெய். போதை தரும் டி.எச்.சி., கஞ்சா பூவில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள் இருக்கும். எண்ணெயில் 60 முதல் 90 சதவீதம்கூட இருக்கலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், எப்போதாவது கஞ்சா எடுக்கும் 17 பேருக்கு ஒரே அளவைப் புகையாகவும் ஆவியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆவியாக இழுத்தபோதுதான் பதற்றமும் தடுமாற்றமும் அதிகம். முதல்முறை இழுக்கும் பையன் நிலைகுலைவதில் வியப்பில்லை. கஞ்சாப் புகை போல வாடை தங்குவதில்லை என்பதால் வீட்டிலும் விடுதியிலும் யாருக்கும் தெரிவதுமில்லை.

இரண்டாவது, எதுவென்றே தெரியாதவை. கஞ்சா என்று சொல்லி விற்பதில் ஆய்வகத்தில் தயாரித்த செயற்கை ரசாயனம் இருக்கலாம். அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். சிங்கப்பூரில் 'கேபாட்' என்ற பெயரில் பரவியது எட்டோமிடேட், அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் நரம்பில் செலுத்தும் மயக்க மருந்து. 2025 செப்டம்பர் 1-ல் அங்கே அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதித்தது நினைவிருக்கலாம். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் 25 வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பாலானோர் இழுத்தது கஞ்சா எண்ணெய். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது.

தினமும் இழுப்பவர்களிடம் வேறு மாதிரி அறிகுறிகள். தூக்கம் கெடும், அரியர் சேரும். சிலர் விடாமல் வாந்தி எடுப்பார்கள், வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். வயிற்றுக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். என்னை மிகவும் வருத்துவது சந்தேகம். 'ரூம்ல எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க' என்று தொடங்கும். பலருக்கு நிறுத்தினால் தணிந்துவிடும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்களுக்கு அது தணியாமலே போகலாம். அந்தப் பிள்ளைகளுக்கு 'ஒரு இழுப்புதானே' என்ற பேச்சே கூடாது.

பெற்றோர் சிலர் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்து, 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைகிறார்கள். வழக்கமான பரிசோதனை செயற்கை ரசாயனங்களையோ எட்டோமிடேட்டையோ காட்டாது. வேப் இழுத்து மூர்ச்சையானவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். அந்தக் கருவியையும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். பயத்தில் நண்பர்கள் அதைத் தூக்கியெறிந்துவிட்டு வரும்போது எங்களுக்குச் சிகிச்சை தாமதமாகிறது.

போலீஸ் வருமோ என்றுதான் பல குடும்பங்கள் மறைக்கின்றன. இந்தியாவில் இ-சிகரெட் விற்பனையை 2019-ன் சட்டம் தடை செய்கிறது. கஞ்சா எடுப்பதும் குற்றம்தான். ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையாகி, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுப்பவருக்கு, பயன்படுத்தியது, சிறு அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. நிறுத்திய முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் பையனைத் திட்டாமல் பக்கத்தில் இருங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.