வராத ஷாக்கிலிருந்து எலி என்ன கற்றுக்கொள்கிறது?

நடுவில் குட்டையான தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்த ஒரு பெட்டி. ஒரு பக்கத்தில் எலி. ஓர் ஒலி கேட்கிறது; 10 விநாடி கழித்துத் தரைக் கம்பிகளில் மின்சாரம் பாய்கிறது. எலி துள்ளுகிறது, கத்துகிறது, எப்படியோ தடுப்பைத் தாண்டுகிறது. வலி நிற்கிறது. இப்படிப் பல முறை பட்ட பிறகு, ஒலி கேட்டதுமே தாண்டிவிடும். அதன்பின் அதற்கு ஷாக்கே கிடையாது.

இந்தச் சின்ன விஷயம் உளவியலாளர்களை நெடுங்காலம் குழப்பியது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் என்றால் எலி ஏன் அழுத்துகிறது என்று புரிகிறது. தடுப்பைத் தாண்டிய எலிக்கு என்ன கிடைத்தது? எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். எதுவும் நடக்காதது எப்படிப் பரிசாகும்?

1947இல் ஹோபார்ட் மௌரர் ஒரு விடை சொன்னார். வலியோடு சேர்ந்தே வந்ததால் ஒலியே பயமூட்டுவதாகிவிடுகிறது. தாண்டியதும் ஒலி நிற்கிறது, பயம் தணிகிறது. அந்தத் தணிவுதான் பரிசு. அடுத்த ஆண்டே நீல் மில்லர் இதற்கு வலுச் சேர்த்தார். வெள்ளை அறையில் ஷாக் வாங்கிய எலிகளை, ஷாக்கை நிறுத்திய பிறகு மறுபடி அங்கே விட்டார். ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பினால்தான் கதவு திறக்கும். வலி துளியும் இல்லாதபோதும் பல எலிகள் அதைக் கற்றுக்கொண்டன.

சரி, பயம்தான் காரணம் என்றால் பயம் போனதும் தாண்டுவதும் நிற்க வேண்டுமே? 1953இல் ரிச்சர்ட் சாலமனும் லைமன் வின்னும் நாய்களிடம் கண்டது நேர்மாறானது. சில முறை ஷாக் வாங்கிய நாய்கள், ஷாக் நின்ற பிறகும் தாண்டிக்கொண்டே இருந்தன. நாளாக ஆக வேகம் கூடியது. பயத்தின் அறிகுறிகளோ குறைந்துகொண்டே வந்தன. அந்த ஷாக் மிகக் கடுமையானது. அந்த நாய்கள் பட்ட வேதனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயம் தொடங்கி வைக்கிறது. தொடர வைப்பது பெரும்பாலும் நிம்மதி. தாண்டிய பிறகு வரும் வேறோர் ஒலி ‘இனி ஷாக் இல்லை’ என்பதைக் குறித்தால், விலங்கு அந்த ஒலியைக் கேட்பதற்காகவே உழைக்கும். 2004இல் பழ ஈக்களிலும் இதன் சாயல் தெரிந்தது: ஷாக்குக்கு முன் வந்த வாசனையை ஈக்கள் தவிர்த்தன, ஷாக் முடிந்ததும் வந்த வாசனையை நாடிச் சென்றன. எலிகளின் மூளையிலோ, ஷாக்கை வெற்றிகரமாகத் தவிர்க்கும்போது, பரிசு கிடைக்கும்போது சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. எதிர்பார்த்த கெடுதல் வராமல் போனால், மூளை அதை நல்லது நடந்ததாகவே கணக்கு வைக்கிறது.

எல்லா எலிகளும் தாண்டக் கற்றுக்கொள்வதில்லை. சில உறைந்துபோய் அப்படியே நிற்கும். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவின் ஒரு பகுதி இந்த உறைதலை ஏவுகிறது. அந்தப் பகுதி செயலிழந்தபோது, அதுவரை தாண்டாத எலிகள் தாண்டத் தொடங்கின. பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் தப்பிக்கக் கற்பதற்கே அது தடையாகிவிடுகிறது.

பழக்கம் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தாண்டிவிடும் விலங்குக்கு, அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வழியே இல்லை. ஷாக் வராததற்குத் தான் தாண்டியதே காரணம் என்றாகிவிடுகிறது. அதனால் ஆய்வாளர்கள் வழியை அடைத்துப் பார்த்தார்கள். எச்சரிக்கை வரும், தாண்ட முடியாது, ஷாக்கும் வராது. தொடக்கத்தில் விலங்கு மிகவும் பதறும்; திரும்பத் திரும்பச் செய்யும்போது பதற்றம் இறங்கும்.

1966இல் விக்டர் மேயர், ஓயாமல் கழுவிக்கொண்டே இருந்த ஒரு நோயாளிக்கு இதே வழியில் சிகிச்சை கொடுத்தார்: அழுக்கு என்று அஞ்சுவதைத் தொட வேண்டும், கழுவக் கூடாது. இன்றும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD) இதுவே முதன்மையான உளவியல் சிகிச்சைகளில் ஒன்று. ஆனால் ஓரிடத்தில் தணிந்த பயம் வேறிடத்தில் திரும்பி வரலாம் என்பதையும் எலிகளே காட்டின. அதனால் சிகிச்சையாளர்கள் மருத்துவமனை அறையோடு நிறுத்தாமல், நோயாளியின் வீட்டிலும் வேலையிடத்திலும் அதே பயிற்சியைச் செய்யச் சொல்கிறார்கள்.